மேசை வளைந்திருக்கிறதா, வளைக்கப்பட்டிருக்கிறதா?

கேள்வி இதுதான். மரம் அறுக்கும் பழைய மேசை ரம்பம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஒழுகும் கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்ததால் அதன் வார்ப்பிரும்பு மேசை முழுக்கச் செந்துரு. இரும்பு அளவுகோலை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் 0.3 மில்லிமீட்டர் இதழ் தாராளமாக நுழைகிறது. உப்புத்தாள் பட்டை சுழலும் பெல்ட் சாண்டரை ஓட்டித் துருவையும் பள்ளத்தையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடலாமா, எந்த எண் உப்புத்தாளில் தொடங்க வேண்டும்?

எந்த எண்ணிலும் தொடங்காதீர்கள். சாண்டரை எடுத்துப் பரண்மேல் வையுங்கள். துருவை நீக்குவது ஒரு வேலை. மேசையைச் சமதளமாக்குவது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக் குழப்புவதால்தான் நல்ல மேசைகள் பல வீணாகின்றன. துரு போவதற்கு நல்ல இரும்பைத் தேய்த்தெடுக்க வேண்டிய அவசியம் ஏறக்குறைய இல்லை. சமதளம் கெட்டிருப்பதற்கோ, நான் பார்த்த மேசைகளில் பெரும்பாலும், காரணம் மேல்முகத்தில் இருந்ததில்லை. மேசையைக் கீழே பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இருந்தது. நேரான மேசையைக் கோணலான சட்டத்தில் இறுக்கினால் மேசையும் கோணும். அதைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டால், பிறகு என்றைக்காவது அந்தப் போல்ட்டைத் தளர்த்தும்போது மேசை தன் இயல்புக்குத் திரும்பும். நீங்கள் தேய்த்த அளவுக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோணலாகும்.

முதலில் துருவைப் பார்ப்போம். அளப்பதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அரித்த இடத்தில் குழி விழுந்திருக்கும். ஆனால் அந்தக் குழியின் வாயில் துரு மொட்டுவிட்டுப் புடைத்து நிற்கும். அதன்மேல் அளவுகோலை வைத்து எடுத்த அளவு துருவின் அளவு, மேசையின் அளவல்ல. உங்கள் 0.3 மில்லிமீட்டரில் துருவின் பங்கு எவ்வளவு என்பது அது போன பிறகுதான் தெரியும்.

கருவி மிக எளியது. கண்ணாடியில் ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்டுகிற கைப்பிடியும், அதில் பொருத்தும் ஒற்றை விளிம்புப் பிளேடும் போதும். பிளேடின் இரு மூலைகளையும் சாணைக்கல்லில் ஒருமுறை உரசி மழுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவை மேசையில் கீறல் போடும். உதிரும் துருத்தூளை உலர்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தள்ளி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயையோ ஊடுருவும் எண்ணெயையோ மெல்லப் பூசி, பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு பிளேடை மேசையோடு ஒட்டினாற்போல், 30 டிகிரிக்கும் குறைவாகச் சாய்த்து, முன்னோக்கித் தள்ளுங்கள். முதல் தள்ளலில் மணலில் இழுப்பதுபோல் கரகரவென்று சத்தம் வரும். செங்கல் பொடியைக் குழைத்ததுபோல் ஒரு சேறு பிளேடின் முன்னால் சுருண்டு திரளும். அதே இடத்தில் நான்கைந்து முறை போய்வந்ததும் சத்தம் மாறும். கரகரப்பு அடங்கி, ஈரக் கண்ணாடியில் விரல் ஓடுவதுபோல் வழுக்கும். பிளேடு இரும்பைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்; கண்ணைவிடக் காது இங்கே நம்பகமானது. உள்ளங்கை அகலத்துக்கு முடித்து, துணியால் துடைத்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். ஒரு மேசைக்கு ஏழெட்டுப் பிளேடுகள் மழுங்கினால் வியப்படைய வேண்டாம்.

பிளேடின் நல்ல குணம், அது மேட்டை மட்டும் வெட்டும். குழிக்குள் இறங்காது, நல்ல இரும்பையும் தின்னாது. உப்புத்தாளுக்கு இந்த விவேகம் கிடையாது.

பிளேடு வேலை முடிந்ததும் மேசை புள்ளிமான் போலத் தோன்றும். சாம்பல் நிற நார்ப்பட்டையில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மீதிச் சிவப்பும் போய்விடும். கருமையான திட்டுகள் தங்கும், தங்கட்டும். அந்தக் கருமையும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் செந்துருவைப்போல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து பரவுகிற வகையல்ல. அதைப் போக்க வேண்டுமென்று பலர் பிடிவாதமாகத் தேய்த்துத் தேய்த்தே மேசையில் குளம் வெட்டுகிறார்கள். குழிகளும் அப்படித்தான். மேசைக்குப் பள்ளப்புள்ளிகளால் எந்தக் குறையும் இல்லை. மரம் மேடுகளின்மேல்தான் ஓடுகிறது. இரும்புத்தூள் கலந்த எப்பாக்சியால் குழிகளை அடைப்பவர்கள் உண்டு. அது கண்ணுக்காகச் செய்யும் வேலை, மரத்துக்காக அல்ல.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினிகர், சிட்ரிக் அமிலம், உப்பு அமிலம் எல்லாமே துருவைக் கரைக்கும். ஆனால் சாம்பல் வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு பங்கு வரை கரி (கார்பன்) இருக்கிறது; அதில் பெரும்பகுதி செதில் செதிலான கிராஃபைட். அமிலம் துருவோடு நிற்காமல் இரும்பையும் அரித்து, கிராஃபைட்டை அப்படியே விட்டுப்போகும். விளைவு, தொட்ட கையிலும் வைத்த மரத்திலும் ஒட்டும் கரும்பசை. உப்பு அமிலத்தில் கூடுதலாக இன்னொரு தொல்லை: அதன் ஆவி பட்டறையிலுள்ள மற்ற கருவிகளின்மேல் படிந்து, ஒரே இரவில் அவற்றுக்கும் துருவைப் பரிசளித்துவிடும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றிகள் மேசையின் அடிப்பக்கத்துக்கு நல்லவை, மேல்முகத்துக்கு வேண்டாம். இரும்பை அதிகம் தொடாமல் துருவை மட்டும் கரைக்கும் நடுநிலைக் கரைசல்களும் கிடைக்கின்றன. அவை நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பொருள் முழுக்க மூழ்க வேண்டும். மேசைமேல் துணியை விரித்து நனைத்துவைத்தால், துணி மடிந்த இடத்திலும் காற்று புகுந்த இடத்திலும் வரிவரியாகத் தடம் விழும். அந்தத் தடம் துருவைவிட அசிங்கம்.

நடு மேசையின் பக்கங்களில் போல்ட்டால் மாட்டிய, கழற்ற முடிகிற பக்க மேசைகளுக்கு மின்பகுப்பு முறை அருமையானது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஐந்து முதல் பத்து கிராம் சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பொருளுக்கு நெகட்டிவ், எதிரே தொங்கும் பழைய இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். இதை மாற்றிக் கொடுத்தால் தகட்டுக்குப் பதில் உங்கள் மேசை கரையும். ஆகவே இரண்டு முறை பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். தகடாக எவர்சில்வர் வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் கலக்கும். கிளம்பும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருக்கிறது என்பதால் வேலை திறந்த வெளியில் நடக்கட்டும், நெருப்பு அருகில் இருக்கக் கூடாது. வெளியே எடுத்த நிமிடமே கழுவித் துடைத்து, சூடான காற்றில் உலர்த்தி, எண்ணெய் பூசிவிட வேண்டும். கை காய்வதற்குள் மஞ்சள் படரத் தொடங்கிவிடும்.

பக்க மேசைகளைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இணைப்பிலிருந்து மெல்லிய பித்தளைத் தகடோ தகரத் துண்டோ கீழே விழுந்தால் குப்பை என்று பெருக்கிவிடாதீர்கள். இடைவெளியை நிரப்பி மட்டம் சரிசெய்ய, முன்பு யாரோ பொறுமையாக உட்கார்ந்து வைத்த ஷிம் அது. எந்தப் போல்ட்டுக்கு மேலே அல்லது கீழே இருந்தது என்று குறித்து வையுங்கள்.

துரு போன பிறகு, அளப்பதற்கு முன்னால் ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது. மேசையில் ஏதாவது கனமாக விழுந்தால் குழி விழும். குழியைச் சுற்றி உதடுபோல் விளிம்பு எழும்பும். மரத்தைக் கோணம் பிடித்துத் தள்ளும் மைட்டர் கேஜ் ஓடும் காடியின் ஓரங்களிலும் இப்படிப் பிசிறு எழும்பியிருக்கும். தட்டையான, மென்மையான எண்ணெய்க்கல்லை மேசையில் படுக்கவைத்து, அழுத்தாமல், வட்டமாக ஓட்டுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் கல் தட்டும். தட்டுவது நிற்கும்வரை ஓட்டினால் போதும். 'மேசை சமமில்லை' என்று சொல்லப்படும் குறைகளில் கணிசமானவை இந்த ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும்.

இனி அளவு. இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

அளவுகோல் போதாது. சாணை பிடித்த, ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்ட்ரெய்ட் எட்ஜ், அதாவது நேர்விளிம்புப் பட்டை, வேண்டும். அதையும் நம்புவதற்கு முன் சோதியுங்கள். வழுவழுப்பான அட்டையில் அதை வைத்துக் கூரான கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள். பிறகு பட்டையைப் புரட்டி, அதே விளிம்பை அதே இரண்டு முனைப்புள்ளிகளில் பொருத்தி, மீண்டும் கிழியுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பட்டை நேர். நடுவில் பிரிந்தால், பிரிவின் பாதிதான் பட்டையின் பிழை. இது கோணலை இரட்டிப்பாக்கிக் காட்டும் சோதனை. நேரானவை என்று கடையில் வாங்கிய பட்டைகள் சில இதில் தலைகுனிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சம் தெரிவதைக் கண்டு பயப்படாதீர்கள். பின்னால் விளக்கு இருந்தால், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியையும் கண் கண்டுபிடித்துவிடும். வெளிச்சம் 'இடைவெளி உண்டு' என்று மட்டும் சொல்லும். 'எவ்வளவு' என்று சொல்லாது.

பட்டையை நேராக மேசையில் வைத்தால், மேடான மேசையில் அது ஊஞ்சலாடும். எந்தப் பக்கம் சாய்த்தீர்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும். அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரே தடிமனுள்ள இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், 0.50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் இரு முனைகளிலிருந்தும் அதன் நீளத்தில் நூற்றுக்கு 22 பங்கு உள்ளே தள்ளி, அவற்றை அடியில் கொடுங்கள். அந்த இடங்களில் தாங்கினால்தான் பட்டை தன் எடையாலேயே தொய்வது மிகக் குறைவாக இருக்கும். இப்போது நடுவிலும் முனைகளிலும் ஃபீலர் இதழ்களை நுழைத்துப் பாருங்கள். இதழ் தாராளமாகவும் போகக் கூடாது, மடியவும் கூடாது. பக்கத்தைப் புரட்டும்போது விரலில் ஒட்டும் தாளின் அளவுக்கு மெல்லிய இழுப்பு இருக்க வேண்டும். 0.62 அப்படி நுழைகிறது என்றால் அந்த இடம் 0.12 பள்ளம். 0.45 தான் நுழைகிறது என்றால் 0.05 மேடு.

எட்டுக் கோடுகளில் இதைச் செய்யுங்கள்: நான்கு ஓரங்கள், நெடுக்கிலும் குறுக்கிலும் நடுக்கோடு ஒவ்வொன்று, இரண்டு மூலைவிட்டங்கள். மேசையின் படத்தைத் தாளில் வரைந்து ஒவ்வொரு எண்ணையும் அதனதன் இடத்தில் எழுதுங்கள். இப்போது உங்கள் கேள்விக்கே திரும்புகிறேன். நீங்கள் ஒரு மூலைவிட்டத்தை மட்டும் சொன்னீர்கள். இன்னொன்று என்ன சொல்கிறது?

விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. இரண்டு மூலைவிட்டங்களும் பள்ளம் காட்டினால் மேசை தட்டுபோல் குழிந்திருக்கிறது. அது வார்ப்பின் குறை. ஒரு மூலைவிட்டம் பள்ளம், மற்றது ஏறக்குறைய அதே அளவு மேடு, நான்கு ஓரங்களும் நேர் என்றால், மேசை குழியவே இல்லை, முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் யாரோ அதை இரு மூலைகளில் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள். அந்த யாரோ, அநேகமாக, அடியிலுள்ள நான்கு போல்ட்டுகள்.

வார்ப்பிரும்பு வளையாது, உடைந்தாலும் உடையும் என்றொரு நம்பிக்கை உண்டு. பாறைபோல் தோன்றினாலும் அதன் விறைப்பு எஃகினுடையதில் ஏறக்குறைய பாதிதான். நான்கு காலுள்ள நாற்காலி சமமற்ற தரையில் ஆடுவதுபோல், நான்கு தாங்கிகளில் உட்காரும் மேசையும் மூன்றில்தான் உண்மையாக உட்காரும். நான்காவது போல்ட்டை இறுக்கும்போது மேசை வளைந்துதான் அந்த இடைவெளியை மூடுகிறது. கணக்கும் எளிது: முறுக்கில் ஒரு மூலை எவ்வளவு எழும்புகிறதோ, அதில் கால் பங்குதான் நடுவில் தெரியும். மூலைவிட்டத்தின் நடுவில் 0.1 காட்டுகிறது என்றால், ஏதோ ஒரு மூலை 0.4 விலகியிருக்கிறது. 0.3 முழுவதும் முறுக்குதான் என்றால் மூலை 1.2 விலகியிருக்க வேண்டும். அது மிக அதிகம். துருவும் அளவுகோலும் அதில் நல்ல பங்கைச் சேர்த்திருக்கின்றன என்று நான் சந்தேகிப்பது அதனால்தான்.

என் சொந்த ரம்பத்தில் துரு நீக்கிய பிறகு ஒரு மூலைவிட்டம் 0.15 பள்ளமும் மற்றது 0.13 மேடும் காட்டின. நான்கு போல்ட்டுகளையும் முழுக்கத் தளர்த்தினேன். மூன்று மூலைகள் அசையவில்லை. பின்புற இடது மூலையின் தாங்கிக்கும் மேசைக்கும் நடுவே 0.45 இதழ் நுழைந்தது. அதே தடிமனுக்கு இரண்டு பித்தளைத் தகடுகளைச் சேர்த்து அங்கே வைத்து, போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இரண்டு மூலைவிட்டங்களும் 0.04 க்குள் வந்துவிட்டன. முந்தைய வாரம் அதே மேசையைத் தேய்க்க வாங்கிவைத்த உப்புத்தாள் கட்டு இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. ஷிம் வைத்த பிறகு, ரம்பத் தகட்டுக்கும் மைட்டர் காடிக்கும் இணை இருக்கிறதா என்று மறுபடியும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேசை அசைந்தால் அதுவும் அசையும்.

பக்க மேசைகளுக்கும் இதே மருந்துதான், அளவு மட்டும் நுணுக்கமானது. பக்க மேசையின் வெளி ஓரம் தாழ்ந்திருந்தால் இணைப்பில் போல்ட்டுகளுக்குக் கீழே ஷிம் வையுங்கள், உயர்ந்திருந்தால் மேலே. இணைப்பு முகத்தின் உயரம் 40 மில்லிமீட்டர், பக்க மேசையின் அகலம் 250 என்றால், 0.05 தடிமனுள்ள தகடு வெளி ஓரத்தை 0.3 உயர்த்திவிடும். அதனால் குளிர்பானக் கேனின் அலுமினியத் தகடே பல நேரம் தடிமன் அதிகம். சமையலறை அலுமினியத் தாளை மடித்துப் பயன்படுத்தலாம். ஒரு மடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றரைப் பங்கு அளவில் இருக்கும்.

இன்னொரு மாயக்காரர் இருக்கிறார்: வெப்பம். மேல்முகம் அடிப்பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தால்கூட, ஒரு மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள வார்ப்பு நடுவில் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் மேலெழும். ஜன்னல் வெயில் விழும் மேசையைக் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் அளந்து, இரண்டு வெவ்வேறு மேசைகள் என்று நினைத்துத் தலையைச் சொறிந்தவன் நான். வெயில் படாத இடத்தில், இரவு முழுக்கக் கிடந்த மேசையை, விடிந்ததும் அளப்பது நல்லது. ஸ்ட்ரெய்ட் எட்ஜையும் முந்தைய இரவே மேசைமேல் வைத்துவிடுங்கள்.

தேய்த்துச் சமமாக்குவது ஏன் சரிவராது என்பதற்கும் இந்த வெப்பம் ஒரு காரணம். சாண்டர் ஓடும்போது மேல்முகம் மட்டும் சூடேறும், மேசை நடுவில் எழும்பும். எழும்பிய நடுப்பகுதியை நீங்கள் தேய்த்தெடுப்பீர்கள். ஆறியதும் அங்கே பள்ளம். இது ஒரு பக்கம். மறுபக்கம், எந்தத் தேய்ப்புக் கட்டையும் விளிம்பைத் தாண்டி வெளியே நீளும்போது, மீதமுள்ள குறைந்த பரப்பில் முழு அழுத்தமும் விழும், ஓரங்கள் சரியும். கண்ணாடிப் பலகையில் 80 ஆம் எண் தாளை ஒட்டி, அதைக் கவிழ்த்துப் போட்டு ஒரு சிறிய மேசையை மூன்று மாலைகள் தேய்த்தேன். சமமாக மின்னியது, பெருமையாகவும் இருந்தது. அளந்தால் நான்கு ஓரங்களும் 0.15 தாழ்ந்திருந்தன, நடு ஆமை முதுகு. கண்ணாடியும் தட்டையாகவே இருப்பதில்லை. அதன் முதுகில் நம் கை எங்கே அழுத்துகிறதோ அங்கே அது வளைந்து கொடுக்கிறது.

இது புதிய ஞானமும் அல்ல. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசஃப் விட்வொர்த் 1840 இல் கிளாஸ்கோவில் உலோகச் சமதளங்களைப் பற்றி வாசித்த கட்டுரையில் இதைத்தான் வாதிட்டார்: உராய்வுத்தூள் வைத்துத் தேய்ப்பதால் உண்மையான சமதளம் வராது, ஏனென்றால் தூள் எங்கே சேர்கிறது, எங்கே அதிகம் தின்கிறது என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை, மேட்டைக் கண்டுபிடித்து அதை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மூன்று தகடுகளை மாறி மாறி ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முறையும் அந்த மரபுதான். இரண்டு தகடுகள் மட்டும் என்றால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் அழகாகப் பொருந்திவிடும். மூன்றும் மூன்றோடும் பொருந்த வேண்டுமானால் மூன்றுமே சமமாக இருந்தாக வேண்டும்.

சரி, எவ்வளவு சமம் போதும்? மர வேலைக்கு என் கணக்கு இது. மேசை ரம்பத்தின் மேசையில், மூலைவிட்டம் முழுக்கவும் 0.25 க்குள் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். மரமே ஓர் இரவின் ஈரப்பதத்தில் அதைவிட அதிகம் அசையும். ரம்பத் தகட்டைச் சுற்றியுள்ள ஒரு சாண் பகுதி மட்டும் இன்னும் நன்றாக இருக்கட்டும். இழைப்பு இயந்திரத்தில் கத்தி உருளைக்கு இருபுறமும் உள்ள மேசைகள் ஒவ்வொன்றும் 0.1 க்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது. துளையிடும் இயந்திரத்தின் மேசைக்குச் சமதளம் இரண்டாம் பட்சம். சுழல்தண்டுக்குச் செங்குத்தாக இருந்தால் போதும். உலோகம் செதுக்கும் மில்லிங் இயந்திரம் என்றால் கதையே வேறு. வீட்டில் உப்புத்தாளோடு அதன் அருகில் போகாதீர்கள்.

போல்ட்டுகளைத் தளர்த்திய பிறகும், ஷிம் வைத்த பிறகும், இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே திசையில் 0.25 க்கு மேல் காட்டுகின்றன என்றால் மேசை உண்மையாகவே வளைந்திருக்கிறது. அப்போது இரண்டு வழிகள்.

முதலாவது, மேசையைக் கழற்றிச் சமதளச் சாணை இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோவது. கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், மூன்று விஷயங்களைப் பேசிவிட்டு வாருங்கள். காந்தப் படுகையில் வைத்து மின்சாரத்தைக் கொடுத்தால், வளைந்த வார்ப்பைக் காந்தம் இழுத்துத் தட்டையாக்கிவிடும். அந்த நிலையில் சாணை பிடித்தால் அங்கே கண்ணாடிபோல் சமமாக இருக்கும், காந்தத்தை அணைத்ததும் மேசை பழையபடி எழும்பும். அதனால் அடியில் இடைவெளி உள்ள இடமெல்லாம் ஷிம் கொடுத்து, மேசையை அதன் இயல்பான நிலையிலேயே பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து, சட்டத்தில் உட்காரும் அடித்தாங்கிகளையும் ஒரே தளத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டில் போல்ட்டை இறுக்கிய கணமே முறுக்கு திரும்பிவிடும். கடைசியாக, மேடு மறையும் அளவுக்கு மட்டும் எடுத்தால் போதும், குழிகள் அனைத்தும் மறைய வேண்டியதில்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். பட்டறைக்காரர்கள் மேசை மின்னும்வரை எடுப்பார்கள். அதற்குள் மைட்டர் காடியின் ஆழம் குறைந்துபோயிருக்கும்.

இரண்டாவது வழி சுரண்டல். கார்பைடு முனை பொருத்திய சுரண்டி, பிரஷ்யன் புளூ என்னும் நீலப் பசை, நம்பத்தக்க சர்ஃபேஸ் பிளேட் (சமதளம் ஒப்பிட்டுப் பார்க்கும் தகடு) அல்லது கிரானைட் பட்டை வேண்டும். பட்டையில் நீலத்தை மூச்சுக்காற்றுபோல் மெல்லப் பூசி, மேசையில் வைத்து ஓரிரு அங்குலம் நகர்த்தி எடுத்தால், மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அவற்றை மட்டும் குறுகிய தள்ளல்களால் சுரண்டி, பிசிறைக் கல்லால் எடுத்து, துடைத்து, மீண்டும் நீலம். அடுத்த சுற்றில் 90 டிகிரி திரும்பி நின்று சுரண்ட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு போனால் நல்ல வேகம். 0.1 எடுக்க 20 சுற்றுகள், 0.3 எடுக்க 60. 500 க்கு 700 மில்லிமீட்டர் மேசையில் 60 சுற்றுகள் என்பது ஒரு பருவகாலத்தின் வேலை. அதனால் ஓரிடத்து மேடுகளுக்கும் 0.1 க்கு உட்பட்ட குறைகளுக்கும் மட்டும் சுரண்டியை எடுக்கச் சொல்வேன். ஆனால் எடுத்தவர்கள் எளிதில் கீழே வைப்பதில்லை. சீரான சிறு பிறைகளாகத் தடங்கள் விழத் தொடங்கியதும் நேரம் போவது தெரியாது.

முடிந்த மேசையைப் பாதுகாப்பது சுருக்கமான விஷயம். ஸ்பிரிட் தொட்டு எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு, சிலிகான் கலக்காத பசை மெழுகை மெல்லப் பூசி, மங்கியதும் துணியால் தேய்த்துவிடுங்கள். கார் பாலிஷ் வேண்டாம். அதிலுள்ள சிலிகான் மரத்தில் ஒட்டி, பிறகு அடிக்கும் வார்னிஷில் மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கும். வேர்த்த கையை ஊன்றிவிட்டுப் போனால் மறுநாள் ஐந்து விரலும் துருவில் பதிந்திருக்கும். ஈரமான டம்ளரும் பச்சை மரமும் அதே வேலையைச் செய்யும். பிளாஸ்டிக் விரிப்பால் மூடாதீர்கள். இரவில் குளிர்ந்த இரும்பின்மேல் காலைக் காற்றின் ஈரம் வேர்க்கும்; பிளாஸ்டிக் அந்த வேர்வையை வெளியே விடாது. பழைய பருத்திப் போர்வை போதும். மெழுகு தீர்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு மரத்துண்டை மேசைமேல் விட்டு விரலால் சுண்டுங்கள். முன்பு ஓடிய தூரத்தில் பாதியிலேயே நின்றால், அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது.